ஓரம் பொது, உள்ளே உங்க இஷ்டம்: மாடல் கார் கண்காட்சியில் ‘மாடுலர்’ காட்சி என்றால் என்ன?

மாடல் கார் கண்காட்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீளமான மேசை, மேலே ஒரு துணி, அதில் வரிசையாகக் கார்கள், பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டை. நூறு கார் சேர்த்தவருக்கு ஒரு முழு மேசை கிடைத்துவிடும். மூணே மூணு கார் வச்சிருக்கிற பையன் எங்கே போய் நிற்பான்?

இதற்கு ஒரு பதில்தான் ‘மாடுலர்’ காட்சி. கிளப்பில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பலகையில் ஒரு துண்டுச் சாலையை வீட்டிலேயே செய்து எடுத்து வருவார்கள். அரங்கத்தில் அந்தத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூட்டினால் ஒரே நீளச் சாலை ரெடி. மூணு கார் வைத்திருப்பவரின் துண்டும் நூறு கார் வைத்திருப்பவரின் துண்டும் அதில் ஒரே அளவுதான்.

யோசனை எங்கிருந்து வந்தது?

மாடல் ரயில்காரர்களிடமிருந்து. ரயில் மாடல் செய்பவர்களுக்கு இடம்தான் எப்போதும் தலைவலி. வீட்டில் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். கண்காட்சிக்குக் கொண்டுபோகவும் முடியாது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ‘என்-டிராக்’. 1:160 அளவு ரயில்களுக்கான முறை அது.

அதன் அடிப்படைப் பலகை 2 அடிக்கு 4 அடி. மூன்று தண்டவாளங்கள், முன் ஓரத்திலிருந்து 4, 5.5, 7 அங்குலத்தில், பலகையின் இரண்டு முனைகளையும் தொட வேண்டும். தரையிலிருந்து தண்டவாளத்தின் உயரம் 40 அங்குலம். இவை மாறக்கூடாது. நடுவில் மலை வைக்கிறீர்களா, சந்தை வைக்கிறீர்களா என்பது செய்பவர் விருப்பம். இதனால் ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் செய்த பலகைகளும் அரங்கத்தில் சேர்ந்துகொண்டன.

ஜெர்மனியில் 1981இல் தொடங்கிய ‘ஃப்ரெமோ’ அமைப்பும் இதே வழியில்தான் போகிறது. ‘டி-டிராக்’ இன்னும் சின்னது. சுமார் ஒரு அடி அகலப் பெட்டிகளைச் சாதாரண மேசை மேலேயே வைத்துக் கோத்துவிடலாம்.

கார்காரர்களுக்கு இது இன்னும் சுலபம். தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ரயில் கவிழ்ந்துவிடும். கண்காட்சியில் நிற்கும் காருக்கு அந்தப் பயம் இல்லை. சாலை விட்டுப்போகாமல் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் அளவு

எல்லோரும் ஒரே அளவில் வேலை செய்தால்தான் காட்சி நிற்கும். சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:64 அளவில் அது 6.7 செ.மீ. 1:43இல் 10 செ.மீ. 1:18இல் 24 செ.மீ. மூன்றையும் ஒரே சாலையில் விட்டால், ஒன்று பொம்மை மாதிரியும் இன்னொன்று பூதம் மாதிரியும் தெரியும்.

சின்னப் பலகைக்கு 1:64 வசதி. நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடம் 3.5 மீட்டர், இருவழிச் சாலை 7 மீட்டர். 1:64இல் அது சுமார் 11 செ.மீ. அதே சாலை 1:18இல் 39 செ.மீ. ஆகிவிடும். அப்போது பலகை முழுக்கத் தார்தான் இருக்கும், ஊர் இருக்காது.

ஒரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் சின்ன டை-காஸ்ட் கார் எல்லாமே துல்லியமான 1:64 இல்லை. ஹாட் வீல்ஸ் போன்றவற்றில் பாக்கெட்டுக்குள் அடங்குவதற்காகவே பஸ்ஸும் லாரியும் காரளவுக்குச் சுருங்கிவிடும். வாங்கும்போது கூடவே ஒரு ஸ்கேல் இருப்பது நல்லது.

ஆத்தூர்ச் சாலையைச் செய்தால்?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம்.

விதி மூன்றே மூன்று. ஒன்று, முன் ஓரத்திலிருந்து 10 செ.மீ. விட்டுச் சாலை தொடங்கி, 21 செ.மீ.இல் முடியணும், இரண்டு முனையிலும் இதே கணக்கு. இரண்டு, மேசையிலிருந்து சாலையின் உயரம் எல்லாப் பலகையிலும் ஒன்றாக இருக்கணும். மூன்று, சாலையின் நிறமும் கோடுகளும் ஒரே மாதிரி இருக்கணும். நடுவில் சாலை வளைந்தாலும் நெளிந்தாலும் பிரச்சினை இல்லை.

மீதி எல்லாம் அவரவர் கற்பனை. ஒருவர் செம்பட்டி நாலு ரோடு முக்கைச் செய்யலாம். ஒருவர் தென்னந்தோப்பு, ஒருவர் சின்னாளபட்டி நெசவுத் தெரு, ஒருவர் மலையடிவாரத்தில் காமராஜர் அணை.

பத்துப் பலகை சேர்ந்தால் 6 மீட்டர். 1:64 கணக்கில் நிஜச் சாலையில் 384 மீட்டர். ஒரு கிலோமீட்டரை அப்படியே காட்டணும்னா 26 பலகை வேண்டும். அதனால் ஊரை அளந்து செய்ய முடியாது. பார்த்ததும் ‘அட, இது நம்ம செம்பட்டி’ என்று சொல்ல வைக்கும் நாலு அடையாளங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

என்னென்ன வேண்டும்?

கடைவீதியில் கிடைப்பதே போதும். அடிப்பலகைக்குப் பிளைவுட், தார்ச் சாலைக்குக் கறுப்பு உப்புத்தாள், புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள், புதருக்குத் தேங்காய் நார். மலைக்குத் தெர்மாகோல் நல்லது. ஆனால் அதன் மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்துபோகும். பலகைகளைச் சேர்க்க ஜி-கிளாம்ப். மேசை சமமாக இல்லாவிட்டால் சமாளிக்க, அடியில் நாலு மூலையிலும் உயரம் கூட்டிக் குறைக்கிற திருகு.

எங்கே சிக்கல் வரும்?

பெரும்பாலும் மனுஷங்ககிட்டதான். ‘என் பலகை அழகா இருக்கே, அரை செ.மீ. கூடினா என்ன?’ என்று ஒருவர் நினைத்தால், பக்கத்துப் பலகையின் சாலையும் அங்கேயே உடைந்து தெரியும். அதனால் செய்யத் தொடங்கும் முன்பே, சாலை முனையின் அளவில் அட்டை ஒன்றை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிடுவது நல்லது. அட்டையோடு ஒத்துப்போனால் பலகை சரி. வாய்ச் சண்டை மிச்சம்.

கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போவதும் உண்டு. வெறும் சாலை மட்டும் உள்ள இரண்டு பலகைகளைக் கிளப் கையிருப்பில் வைத்துக்கொண்டால் இடைவெளி தெரியாது. இன்னொன்று, பெயர். எல்லாம் சேர்ந்து ஒரே காட்சியானதும் யார் எதைச் செய்தார்கள் என்பது மறைந்துவிடும். ஒவ்வொரு பலகையின் முன் ஓரத்திலும் செய்தவர் பெயரை எழுதி வைத்தால் மனத்தாங்கல் வராது.

நம்ம ஊருக்கு இது புதுசா?

முழுக்கப் புதுசு என்று சொல்ல முடியாது. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே ‘பார்க்’ வைப்பது பல வீடுகளில் வழக்கம். கடுகும் வெந்தயமும் முளைக்க வைத்துப் புல்வெளி, மணலில் ரோடு, அதில் பிள்ளைகளின் பொம்மைக் கார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைச் செய்வதும் நடக்கும். ஆனால் பத்து நாள் முடிந்ததும் கலைத்துவிடுவார்கள்.

நிரந்தரமாகவே வைக்க வேண்டும் என்றால் தனிக் கட்டடம் தேவை. புனேயில் 1998 முதல் இயங்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் அதற்கு நல்ல உதாரணம். ஒரு சின்ன ஊர் கிளப்புக்கு அது கட்டுப்படியாகாது.

மாடுலர் முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காட்சி முடிந்ததும் ஒவ்வொரு துண்டும் அவரவர் வீட்டுப் பரணுக்குப் போகும். அடுத்த தடவை வேறு வரிசையில், புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பலகையோடு சேர்ந்து வரும். உள்ளே வர அவருக்குக் கார் குவியல் தேவையில்லை. அளவு அட்டை ஒன்றும், 60 செ.மீ. பலகை ஒன்றும் போதும்.