உங்கள் பாட்டன் ‘இண்டெஞ்சர்ட்’ ஆளா?

நம் பிள்ளைகள் பள்ளிக்குக் குடும்ப வரலாறு எழுதினால், ‘பாட்டன் ஒப்பந்தக் கூலியாக வந்தார்’ என்ற வரி தவறாமல் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் ‘இண்டெஞ்சர்ட்’ என்ற சொல்லைப் போடுவார்கள். இன்று வரலாற்றுப் புத்தகத்துக்கு வெளியே அதிகம் கேட்காத சொல் அது. அதன் வேர், லத்தீனில் பல்லைக் குறிக்கும் ‘டென்ஸ்’. பல் டாக்டரை டென்டிஸ்ட் என்கிறோமே, அதே வேர்தான்.

பல்லுக்கும் கூலி வேலைக்கும் என்ன சம்பந்தம்? பழைய இங்கிலாந்தில் ஓர் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே ரம்பப் பல் போல வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பாதி. தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் உண்மைப் பத்திரம். இப்படிப் பல் வெட்டிய பத்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்தான் ‘இண்டெஞ்சர்ட்’. நம் தோட்டத்துப் பிள்ளையாரை ஏகதந்தன் என்கிறோம். அந்தத் ‘தந்த’மும் லத்தீன் ‘டென்ஸ்’ஸும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சொற்கள்.

இரு தரப்புக்கும் சரிபாதி என்பது தாளில்தான். பேராக்கின் வடக்கே, கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு இப்படித்தான் நம்மவர்களைக் கொண்டுவந்தார்கள். காலம் முடியும் முன் வேலையை விட்டு ஓடினால் குற்றம், சிறைக்கும் அனுப்பலாம்.

ஆனால், இந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910-ல் நின்றுவிட்டது. ரப்பர் கொழித்த காலத்தில் பால்மரத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி மூலம் வந்தவர்கள். கங்காணி சொந்த ஊருக்கே போய், உறவையும் ஊராரையும் அழைத்து வந்தார். 1907-ல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் பணம் கட்டின. கப்பல் செலவு அதிலிருந்து போனது. சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வேலையை விடலாம். விட முடிந்ததா என்பது வேறு கதை. கங்காணியிடம் கடன், அவருக்கு ஆள் கணக்கில் தலைக்காசு, குடியிருக்கும் லயமோ தோட்டத்துடையது. 1938-ல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்பலுக்கும் தடை போட்டது.

ஆகவே 1920-களில் வந்த பாட்டனை ‘இண்டெஞ்சர்ட்’ என்று எழுதினால் தவறு. கங்காணி ஆள் என்று எழுதுங்கள். அவர் பட்ட பாடு அதனால் குறைந்துவிடாது. வந்த ஆண்டு தெரியவில்லையா? வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: முதலில் வேலை செய்தது கரும்பிலா, பால்மரத்திலா? கரும்பு என்றால், 1910-க்கு முன்பே வந்தவராக இருக்கலாம்.