பரட்டைக்கீரையின் இலையமைப்பும் வார்ஃபரின் மருந்தும்

கேல் எனப்படும் பரட்டைக்கீரையும் முட்டைக்கோசும் 'பிராசிக்கா ஒலரேசியா' என்னும் ஒரே தாவரச் சிற்றினத்தின் இரு வகைகள். முதல் ஆண்டில் இலைகளும், மறு ஆண்டில் நான்கு இதழ்கள் சிலுவை போல் அமைந்த பூக்களும் தோன்றுவது இரண்டிற்கும் பொதுவானது.

இலையமைப்பில்தான் வேறுபாடு. முட்டைக்கோசின் இலைகள் ஒன்றையொன்று மூடித் திரள்வதால், வெயில் படாத உள்ளிலைகள் வெளிறியிருக்கும். பரட்டைக்கீரையின் சுருள் விளிம்பு இலைகள் விரிந்தே வளர்வதால் கரும்பச்சையாக இருக்கும். வைட்டமின் கே1 இலையின் பசுங்கணிகங்களில் உள்ளது. ஆகவே, முட்டைக்கோசைவிடப் பரட்டைக்கீரையில் அது பல மடங்கு மிகுதி.

இரத்தம் உறைவதற்கு இவ்வைட்டமின் தேவை. வார்ஃபரின் மருந்து அதன் செயலைக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் இம்மருந்தை உட்கொள்பவராயின்:

- கீரையை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுங்கள்.
- திடீரென அளவைக் கூட்டினால் இரத்தக்கட்டி உருவாகலாம். திடீரென நிறுத்தினால் இரத்தக்கசிவு ஏற்படலாம்.
- உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவர் அறிவுறுத்தும் நாளில் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
- மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

ஈறுகளில் நிற்காத இரத்தக்கசிவோ கறுப்பு நிற மலமோ காணப்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.