‘ஆங்?’ என்று கேட்காத மொழி உண்டா?

‘ஆங்?’ என்ற சொல்லை ஆராய்ந்ததற்காக மூன்று மொழியியலாளர்களுக்கு 2015-இல் இலக்கியப் பரிசு கிடைத்தது. நோபல் இல்லை, இக் நோபல். முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆர்ப்பாட்டமாக நடந்துவந்த வேடிக்கைப் பரிசளிப்பு. மார்க் டிங்கமான்சே, பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்டு ஆகிய மூவரும், காதில் சரியாக விழாதபோது மனிதர்கள் கேட்கும் அந்த ஒற்றை அசைச் சொல் எல்லா மொழியிலும் இருப்பதாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்களாம். அதற்கும், ஏன் அப்படி என்று சரியாகச் சொல்லத் தெரியாமல் நிற்பதற்கும் சேர்த்தே பரிசு என்று அறிவிப்பில் இருந்தது.

அந்தப் பின்பாதி கிண்டல் கொஞ்சம் அநியாயம். ஏன் என்பதற்கு அவர்கள் கையில் ஒரு பதில் இருந்தது. நல்ல பதிலும்கூட.

மொழியியல் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம், ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு எதுவும் கிடையாது என்பது. நாய் என்று நாம் சொல்வதை இந்திக்காரர் குத்தா என்கிறார். ஸ்பானிஷில் பெர்ரோ, ஜப்பானியத்தில் இனு, சுவாஹிலியில் ம்ப்வா. எதுவும் நாயைப் போல ஒலிக்கவில்லை, எதுவும் இன்னொன்றைப் போலவும் இல்லை. இரண்டு மொழிகளில் ஒரு சொல் ஒத்துப்போனால் அதற்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டும்.

சில சமயம் காரணம் உறவுமுறை. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியில் இரண்டுக்கு ‘இரட்’ என்றும் மூன்றுக்கு ‘முசிட்’ என்றும் சொல்கிறார்கள். அது நம் திராவிடக் குடும்பத்தின் மொழி, அவ்வளவுதான் விஷயம். சில சமயம் வியாபாரம். சீனாவின் ஃபூஜியன் கடற்கரையில் ‘தே’ என்று சொல்லப்பட்ட இலை டச்சுக் கப்பல்களில் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. தரைவழியாகப் போனது ‘சா’ என்ற பெயரோடு பாரசீகத்துக்கும் ரஷ்யாவுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் டீக்கடையும் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணியும் ‘தே’ கட்சி. மலையாளத்துச் சாயா ‘சா’ கட்சி.

சில சமயம் வெறும் தற்செயல். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் மொழியை 1960-களில் பதிவு செய்யப் போன மொழியியலாளர் டிக்சன், நாய்க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது கிடைத்த பதில் ‘டாக்’. ஆங்கிலேயரிடம் வாங்கிய சொல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அக்கம்பக்கத்து உறவு மொழிகளில் நாய்க்கு ‘குடக’ என்று பெயர். அதன் தலையும் வாலும் காலப்போக்கில் தேய்ந்து, அந்த மொழிக்கே உரிய ஒலிமாற்றங்களின் வழியே வந்து நின்ற வடிவம்தான் அது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசை ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு உலக மொழிகள் எல்லாம் எங்கள் மொழியிலிருந்து பிறந்தவை என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த நாயை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது குழந்தையின் வாய். அம்மா, மாமா, மம்மா என்று மகரத்தில் சுழலும் தாய்ப்பெயர்கள் உலகெங்கும் கிடைப்பதற்கு ரோமன் யாகப்சன் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது: பால் குடிக்கும் குழந்தை மார்பில் வாய் வைத்தபடி எழுப்பக்கூடிய ஒரே ஒலி மூக்கு வழியே வரும் முனகல்தான், பிறகு அதுவே பாலுக்கும் பால் தருபவளுக்கும் பெயராகிவிடுகிறது. இதற்கும் விதிவிலக்கு இருக்கிறது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா.

‘ஆங்?’ இந்தக் கணக்கு எதிலும் அடங்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் இருந்தபடி மூவரும் செய்த வேலை, நூலகத்தில் அகராதிகளைப் புரட்டும் வேலை அல்ல. இந்தச் சொல் பெரும்பாலான அகராதிகளில் இடம்பெறுவதே இல்லை; இருந்தாலும் அதன் ஒலி எப்படி என்று எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எனவே ஊர் ஊராக, ஆட்கள் தங்களுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பதிவு செய்த ஒலி, ஒளிப்பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். கானாவின் கிழக்கு மலைப்பகுதியில் பேசப்படும் சிவு, ஈக்வடாரின் சாபலா, வட ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் முரின்-பாத்தா, லாவோ, மாண்டரின், ரஷ்யன், ஐஸ்லாந்தியம், டச்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் என்று பத்து மொழிகளில் அந்தச் சொல் வரும் இடங்களைத் தேடிப் பிடித்து, ஒலியை அளந்தார்கள். மொத்தம் 31 மொழிகளின் வடிவங்களைத் திரட்டினார்கள். 2013 நவம்பரில் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் முடிவு வெளிவந்தது.

ஐஸ்லாந்தில் ‘ஹா’. ஸ்பானிஷில் ‘எ?’, இத்தாலியனில் ‘ஏ?’, டச்சில் ‘ஹெ?’. லாவோவிலும் சிவுவிலும் மூக்கொலி கலந்த ‘ஹா(ங்)?’, கிட்டத்தட்ட நம் ஊர் உச்சரிப்பு. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இந்த மொழிகளில், ஒரே அசை. உயிரொலி அ, எ ஆகியவற்றைச் சுற்றிய ஒரு சின்ன மூலைக்குள்ளேயே கிடக்கிறது. ‘ஊ?’ என்று கேட்கிற மொழியோ ‘ஈ?’ என்று கேட்கிற மொழியோ அகப்படவில்லை. முன்னால் மெய்யொலி வந்தால் அது ‘ஹ’ ஆக இருக்கும், அல்லது தொண்டையைக் கணநேரம் அடைத்துத் திறக்கும் ஒரு வெட்டு. பெரும்பாலும் குரல் மேலே ஏறி முடிகிறது.

இதே வேலையைச் செய்யப் பெரும்பாலான மொழிகளில் வேறொரு சொல்லும் இருக்கிறது. என்ன? நம்முடைய ‘என்ன’, இந்தியில் க்யா, ஜப்பானியத்தில் நானி, ரஷ்யனில் ஷ்தோ, ஸ்பானிஷில் கே. அவை வழக்கம்போல ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள்; அவற்றில் ஒன்று உலகெங்கும் மாறுகிறது, மற்றது மாறாமல் நிற்கிறது. எனவே பொருள் ஒன்றாக இருப்பதால் ஒலியும் ஒன்றாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

விளக்கம் நேரக் கணக்கில் இருக்கிறது. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்று 2009-இல் தான்யா ஸ்டைவர்ஸ் தலைமையில் ஒரு குழு பத்து மொழிகளில் அளந்து பார்த்தது. ஜப்பானியர்கள் கொஞ்சம் வேகம், டென்மார்க்காரர்கள் கொஞ்சம் நிதானம். ஆனால் சராசரி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்திலேயே எங்கும் நின்றது. ஒரு படத்தைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால், அந்த ஒற்றைச் சொல்லை மூளை தேடி எடுத்து வாய்க்கு அனுப்பவே சுமார் 0.6 வினாடி ஆகிறது. கணக்கு உதைக்கிறது, இல்லையா? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் அதற்குப் பொருள்.

சொன்னது விழாவிட்டால் எதைத் தயார் செய்வது? நம் முறை வந்துவிட்டது, கையில் ஒன்றுமில்லை. சும்மா இருக்கவும் முடியாது. மௌனம் சற்று நீண்டாலே எதிராளி அதற்கு ஓர் அர்த்தம் கற்பித்துவிடுவார்: பிடிக்கவில்லை, தயங்குகிறார், மறுக்கப் போகிறார். அப்போது வேண்டியது யோசிக்காமல் வரக்கூடிய, வாயை அதிகம் அசைக்கத் தேவையில்லாத, ஆனால் கேள்வி என்று தெளிவாகத் தெரிகிற ஓர் ஒலி. நாக்கு கிடந்த இடத்தில் கிடக்க, வாயைச் சற்றே திறந்து காற்றை விட்டால் வருவது அ, எ வகை உயிர்தான். ‘ஊ’ என்பதற்கு உதட்டைக் குவிக்க வேண்டும், ‘ஈ’ என்பதற்கு நாக்கைத் தூக்க வேண்டும். கேள்வித் தொனியைக் குரல் ஏற்றம் கொடுத்துவிடுகிறது. வேலை முடிந்தது.

இதெல்லாம் ஒரு சொல்லா, தும்மல் மாதிரி ஓர் உடல் ஒலிதானே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம். ஆனால் தும்மலும் அழுகையும் பிறந்த குழந்தைக்கே வந்துவிடும், ‘ஆங்?’ என்று கேட்கக் குழந்தை மெல்ல மெல்லத்தான் கற்கிறது. அதைவிட வலுவான சான்று, மொழிக்கு மொழி தெரிகிற சின்னச் சின்ன வேறுபாடுகள். ஐஸ்லாந்தியத்திலும் சாபலாவிலும் இந்தச் சொல் ஏறி முடிவதில்லை, இறங்கி முடிகிறது. அந்த இரண்டு மொழிகளிலும் கேள்விகளின் தொனியே பொதுவாக இறங்குமுகம். ஈக்வடாரில் சாபலா பேசுகிறவர்களைச் சுற்றிலும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் இறங்கும் ‘ஆ’ என்கிறார்கள், அவர்கள் ஏறும் ‘எ?’ என்கிறார்கள். தும்மல் இப்படி இலக்கணத்துக்குக் கட்டுப்படாது.

சுறா மீன் இனம், டால்பின் பாலூட்டி. நீரைக் கிழித்து வேகமாகப் போகும் தேவை இரண்டுக்கும் ஒரே மாதிரி உடம்பைக் கொடுத்தது. உரையாடலின் நெருக்கடியும் அப்படித்தான் தொடர்பில்லாத மொழிகளைத் தனித்தனியே ஒரே சொல்லுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பது மூவரின் வாதம். எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சபலம் தட்டும். நன்னூல் வினா எழுத்துகள் என்று பட்டியலிடுவது எ, யா, ஆ, ஓ, ஏ. ‘வந்தானா?’ என்பதில் கடைசியில் ஒட்டி நிற்பது ஆகாரம்தான். உலகமே நம் வினா எழுத்தால் கேட்கிறது என்று மேடையில் ஒரு கைதட்டல் வாங்கலாம். ஆனால் அதே பட்டியலில் ஓகாரமும் இருக்கிறதே! ‘ஓ?’ என்று கேட்கிற மொழி சிக்கவில்லை. ம்பபரம் நாயை மறுபடி நினைத்துக்கொள்வது நல்லது. நன்னூல் ‘ஆ’ என்பதை ஓரெழுத்து ஒருமொழிகள் 42-இல் ஒன்றாகவும் சேர்க்கிறது. அங்கே அதற்குப் பொருள் பசு.

இந்தச் சொல்லின் இன்னொரு பக்கம் மரியாதை. கூட்டாளியிடம் ‘ஆங்?’ என்று கேட்பவர், மாமனாரிடம் ‘என்னங்க மாமா?’ என்று மாற்றிக்கொள்கிறார். பிள்ளைகள் பெரியவரிடம் ‘ஆங்?’ என்றால், ‘அதென்ன ஆங்கு, என்னங்கன்னு கேக்கத் தெரியாதா?’ என்று திட்டு விழும். இங்கிலாந்திலும் பல வீடுகளில் இதே திட்டு, வேறு சொற்களில். சிரமமில்லாமல் வரும் சொல் என்பதால்தானே உலகெங்கும் இருக்கிறது. சிரமப்படாமல் கேட்பதுதான் மரியாதைக் குறைவாகவும் படுகிறது.

2015-இல் இதே நைமேகன் குழு பெரிய கூட்டணியோடு 12 மொழிகளை எடுத்துக்கொண்டது. சாதாரணப் பேச்சில் சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது யாரையாவது நிறுத்தி, சொன்னதைச் சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ‘ஆங்?’ ஒரு வகை. ‘யாரு?’, ‘எங்க?’ என்று ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் கேட்பது இன்னொரு வகை. ‘பெரியகுளத்துக்கா?’ என்று காதில் விழுந்ததைச் சொல்லி ஊர்ஜிதம் கேட்பது மூன்றாவது. மூன்றில் எது எதிராளிக்குக் குறைந்த வேலை வைக்குமோ அதையே, தன்னால் முடிந்தவரை, மனிதர் தேர்ந்தெடுக்கிறார். ஒன்றுமே புரியாதபோதுதான் ‘ஆங்?’. சோம்பேறிச் சொல் என்று தோன்றினாலும், அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் சோம்பேறி இல்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று அர்ஜென்டினாவின் சைகை மொழி. காது கேளாதவர்களின் உரையாடலில் ஒரு கேள்வி புரியாவிட்டால், கேட்கப்பட்டவர் சில சமயம் அப்படியே உறைந்து, கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் எந்தச் சைகையும் இல்லை. கேட்டவர் உடனே புரிந்துகொண்டு மறுபடி கேட்கிறார்.

மறுபடி சொல்வதிலும் ஒரு விசேஷம் உண்டு. உரையாடல் ஆய்வாளர் இமானுவேல் ஷெக்லாஃப் காட்டியது இது: திரும்பச் சொல்லும்போது வாக்கியத்தின் முன்னால் இருந்த ‘ஆனா’, ‘அப்புறம்’ போன்ற சொற்களை ஆட்கள் பெரும்பாலும் உதிர்த்துவிடுகிறார்கள். சரக்கு மட்டும் திரும்ப வருகிறது. சரக்கே மாறுவதும் உண்டு. ஏனென்றால் ‘ஆங்?’ எப்போதும் காதுக் கோளாறு இல்லை. நன்றாகக் கேட்ட பிறகும், சம்மதமில்லை என்பதற்கு முன்னறிவிப்பாக அதைச் சொல்ல முடியும். சொன்னவருக்கும் அது தெரியும்.

“அப்பா, எனக்கு ஒரு பைக் வாங்கிக் குடுங்கப்பா.”

“ஆங்?”

“இல்லப்பா, பழைய வண்டியா இருந்தாக்கூடப் போதும்.”