அளந்து குடிக்கும் தண்ணீர்

சித்திரை வெயிலில் ஊரெல்லாம் மோர்ப் பந்தலைத் தேடி நடக்கும் வேளையில், ஒரு நாளைக்கு உரிய தண்ணீர் முழுவதையும் காலையிலேயே ஒரு புட்டியில் அளந்து ஊற்றி வைத்துக்கொண்டு, மாத்திரை விழுங்க இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, நள்ளிரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது இவ்வளவு என்று பங்கிட்டு வாழும் ஒரு தையற்காரரை எனக்குத் தெரியும். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஐந்து வருஷங்கள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், இடக்கையில் இரண்டு ஊசிகளை ஏற்றிக்கொண்டு, தம் உதிரம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவதைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். மற்ற நாட்களில் கடையைத் திறந்து ரவிக்கை தைக்கிறார். "அங்கே மெஷின் என்னை ஓட்டுது சார், இங்கே நான் மெஷினை ஓட்டுறேன். துணியை அளந்து வெட்டுறவனுக்குத் தண்ணியை அளக்கத் தெரியாதா?" என்பார்.

இந்தச் சிரிப்பு அவருக்கு எளிதில் வந்ததன்று. முதல் வருஷம் அவர் யாரோடும் பேசவில்லை.

தீராத வியாதியுடன் வாழ்கிறவர்களுக்கு மனப் பக்குவத்தைப் போதிப்பவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. விதி என்றும் கர்மம் என்றும் பகவத் சங்கற்பம் என்றும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லி, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஞான விசாரத்தை நான் இகழவில்லை. ஆனால், அடுத்த வாரத்து டயாலிசிஸ் செலவுக்கு மனைவியின் வளையலை அடகு வைப்பதா, பிழைப்புக்கு ஆதாரமான தையல் இயந்திரத்தையே விற்பதா என்று இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதனிடம் சித்த சாந்தியைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் அபிப்பிராயம். நம் தையற்காரருக்கு நிம்மதியான தூக்கம் வந்தது எந்த உபதேசத்தைக் கேட்ட அன்றும் அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கைக்கு வந்த அன்றுதான்.

ஆகையால் அந்த அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குடும்பத்தினர், குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போனால் அதில் சேரலாம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு அது வழி செய்கிறது. டயாலிசிஸும் அதில் அடக்கம். ஐயம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது. வயிற்றில் பொருத்திய குழாயின் வழியே வீட்டிலிருந்தபடியே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், அதற்கான திரவப் பைகள் வீடு தேடி வருகின்றன. டயாலிசிஸுக்காக ரயிலில் பிரயாணம் செய்கிறவருக்கும் துணைக்குப் போகிறவர் ஒருவருக்கும், மருத்துவமனை தரும் சான்றின் பேரில், இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் கட்டணத்தில் 75 சதவீதம் குறையும். இவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பிச்சை வேறு, பாத்தியதை வேறு.

இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே எவ்வளவு சமீபத்திய பாக்கியம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். உலக யுத்தத்தின் நடுவே, ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து தேசத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற வைத்தியர் இறைச்சிக் கடைகளில் உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயைக் கொண்டு 1943-இல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். எனினும், ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயைப் புதிதாக அறுத்தே இணைக்க வேண்டியிருந்தபடியால், சில நாட்களில் தேறிவிடக்கூடியவர்களுக்கு அல்லாமல் நிரந்தர நோயாளிகளுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாக இருக்கும் ஒரு குழாயை 1960-இல் அமைத்த பிறகுதான், வாரந்தோறும் சிகிச்சை பெற்று வருஷக் கணக்கில் வாழ்வது சாத்தியமாயிற்று. அந்நகரில் இயந்திரங்கள் சிலவே இருந்தமையால், யாருக்கு அந்த வாய்ப்பு என்று தீர்மானிக்க ஊர்ப் பிரமுகர்கள் அடங்கிய குழு ஒன்று கூடி உட்கார்ந்தது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றியாக நடந்தது.

இனி அபாயங்களுக்கு வருகிறேன். நோய் நிரந்தரமானது என்று தெரிந்தவுடன் மனம் இரண்டு திசைகளில் ஓடுகிறது. ஒன்று, எங்கேனும் ஒரு மூலையில் இதற்குப் பூரண குணம் இருக்கத்தான் வேண்டும் என்ற ஆசை. மற்றொன்று, இனி என்ன செய்து என்ன என்ற விரக்தி. ஆசையை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஏராளம். "ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம், நாற்பத்தெட்டு நாளில் கிரியாட்டினின் இறங்கும்" என்று எவனோ சொன்னதை நம்பி நம் தையற்காரரும் மூன்று வாரம் டயாலிசிஸை நிறுத்தினார். அப்போது ஓரளவு சிறுநீர் பிரிந்துகொண்டிருந்ததனால் பிழைத்தார். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, நள்ளிரவில் ஆம்புலன்ஸில் போனார். சர்க்கரை, புற்றுநோய், சிறுநீரக அழற்சி முதலிய பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்து மருந்து மற்றும் மந்திர நிவாரண விளம்பரச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும் என்பது நிரூபணமான விஷயம். நாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் அந்தப் பாபத்தில் பங்கு கொண்டவை. சித்த வைத்தியமோ ஆயுர்வேதமோ வேண்டுமென்றால், பதிவு பெற்ற வைத்தியரிடம், டயாலிசிஸ் வைத்தியருக்கும் தெரிவித்துவிட்டுச் செய்துகொள்வதே விவேகம்.

ஆசையின் மற்றொரு வாசலில் தரகர்கள் நிற்கிறார்கள். வறுமை காரணமாகப் பலர் சிறுநீரகத்தை விற்றதனால், சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே ஒரு காலத்தில் பட்டப் பெயர் வழங்கியது. 1994-ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் பிற்பாடு வந்த அதன் திருத்தமும் விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தரகு செய்வதையும் பத்து வருஷம் வரை சிறையும் லட்சக் கணக்கில் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக்கியிருக்கின்றன. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். பிறர் கொடுப்பதானால் அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மூளைச் சாவடைந்தவரிடமிருந்து பெறுவதற்கு, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசையில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

மருத்துவமனைக்குள்ளேயும் நோயாளிக்குச் சில உரிமைகள் உண்டு. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து விதி. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக அமைத்த ரத்தக் குழாய் இணைப்பு) வைத்த கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ எவர் வந்தாலும், தயங்காமல் மறு கையை நீட்டலாம். காலையில் எழுந்ததும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, பூனை உறுமுவதுபோன்ற அதிர்வு இருக்கிறதா என்று கவனிப்பது நம் தையற்காரருக்கு இப்போது சந்தியாவந்தனம் மாதிரி. அதிர்வு நின்றுபோனால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால், இரண்டு வருஷங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வைத்திய சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

விரக்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். டயாலிசிஸ் முடிந்த மாலையில் சரீரம் பிழிந்த துணிபோல் கிடக்க, கண்ணெதிரே பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போவதைப் பார்க்கும்போது, "நான் இவர்களுக்குப் பாரம்" என்ற எண்ணம் எழுவது சகஜம். அது வாரக் கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கொண்டுபோய், சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடத் தூண்டுமானால், அதுவும் ஒரு வியாதியே. அரசாங்க மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. கவனித்துக்கொள்ளும் மனைவிக்கும் அந்த எண் பொருந்தும். அவளுடைய தூக்கத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

தையற்காரரிடம் ஒருநாள், "நோயை ஏற்றுக்கொண்டுவிட்டீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தாகத்தை ஜெயிக்கணும்னு நினைச்சப்போ தோத்துக்கிட்டே இருந்தேன் சார். தாகம் உப்பாலே வருதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் விட்டேன், தாகம் பாதியாச்சு. மிச்சப் பாதி என்கூடவே இருக்கட்டும்" என்றார். அந்த மிச்சப் பாதி எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தம் வைத்தியரோடு உட்கார்ந்து கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. குறைக்கக்கூடிய பாதியைக் குறைக்காமல், முழுவதையும் விதியென்று சுமப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரக நோயாளியைப் பார்க்கப் போகும்போது வழக்கப்படி இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுடைய இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். அண்டை வீட்டான் எந்த மருந்தில் குணமானான் என்ற கதையும் வேண்டாம். வெறுங்கையோடு, டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் போய் உட்காருங்கள். நம் தையற்காரருக்குச் செவ்வாய், வியாழன், சனி.