பினாங்கில் மூழ்கிய ரஷ்யக் கப்பல்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைத் தெரியாதவர் இங்கே குறைவு. அடுத்த மாதமே பினாங்கில் அதனிடம் மாட்டிய ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யக் கப்பலைத்தான் யாரும் பேசுவதில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டி 1903-ல் கடலில் இறக்கிய குரூஸர் அது. சின்னஞ்சிறு நாசகாரிக் கப்பல்கூட டார்பீடோவால் பெரிய போர்க்கப்பலைக் கவிழ்த்துவிடும் என்று கடற்படைகள் நடுங்கிய காலம். நாசகாரிகளை விரட்ட வேகம் வேண்டும். வேகம் வேண்டுமானால் எடையைக் குறைத்தாக வேண்டும். அதனால் பக்கச் சுவர்களுக்குக் கவசமே போடவில்லை. எஞ்சினுக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் மேலே, நீர்மட்டத்தை ஒட்டி, ஆமை ஓடுபோல ஓர் எஃகுத் தளம். இருபுறமும் நிலக்கரி அறைகள். எரிபொருளே அரைக் கவசம். 3,100 டன் எடை, 24 நாட் வேகம், எட்டு 120 மி.மீ. பீரங்கிகள். 1905-ல் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பல் அணியே அழிந்தபோதும் தப்பி மணிலா போய்ச் சேர்ந்த கப்பல்.

எம்டனிடம் இருந்தவை பத்து 105 மி.மீ. பீரங்கிகள்; வேகமும் ஏறத்தாழ அதே. காகிதத்தில் சரிக்குச் சமம்தான்.

ஆனால் 120 மி.மீ. குண்டு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. கீழே கிடங்கிலிருந்து மேலே வந்தால்தான் பீரங்கிக்கு வேலை. அக்டோபர் 28 விடியலில் ஜெம்சுக்கின் தளத்தில் கைக்கெட்டும்படி இருந்தவை 12 குண்டுகள். மற்றவை பூட்டிய கிடங்கில். கொதிகலன் பராமரிப்புக்காக நின்ற கப்பல், உடனே நகரவும் முடியாது. கேப்டன் செர்காசோவ் கரையில் மனைவியோடு இருந்தார். இதை அலட்சியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

போலிப் புகைபோக்கி ஒன்றை நட்டு, பிரிட்டிஷ் கப்பல்போல நுழைந்தது எம்டன். கிட்டே வந்து முதல் டார்பீடோ, பிறகு பீரங்கிகள், மறுபடி ஒரு டார்பீடோ. கிடங்கு வெடித்துக் கப்பல் இரண்டானது. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரி ‘மூஸ்கே’யும் அன்றே மூழ்கியது. அது வெறும் 300 டன். குரூஸரின் பீரங்கிகளுக்கு முன் எம்மாத்திரம்!

செர்காசோவுக்கு அடுத்த ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். எம்டனுக்கு அவ்வளவு அவகாசமும் இல்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ 152 மி.மீ. பீரங்கிகளோடு வந்தது. எம்டனின் குண்டுகள் எட்டாத தூரத்துக்கு விலகி நின்று அடித்தது. எம்டன் பவளப்பாறையில் போய் மோதி நின்றது.