யாருக்கு அறிவிப்பது? மென்பொருள் தொகுத்தாக்கக் கருவிகளின் அறிவித்தல் வசதி பற்றிச் சில குறிப்புகள்

ஒரு கருவியை ஆராயும்போது அது என்ன செய்கிறது என்பதுடன் நாம் பெரும்பாலும் அமைந்துவிடுகிறோம். அது யாருடன் பேசுகிறது, எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்னும் வினாக்கள் பொறியியலுக்குப் புறம்பானவை எனக் கருதப்படுகின்றன. மென்பொருள் உற்பத்தியிற் பயன்படும் தொகுத்தாக்கக் கருவிகளுக்கு அறிவித்தல் வசதி சேர்க்கப்பட்ட வரலாறு இக்கருத்து எத்துணைக் குறைபாடுடையது என்பதைக் காட்டுவது. மின்னஞ்சல் அனுப்பும் சில வரி நிரல்தானே எனத் தோன்றும் இவ்விடயத்தினுள் பொறுப்பு, குற்றம், கண்காணிப்பு ஆகியன பற்றிய தீர்மானங்கள் உறைந்துள்ளன.

மனிதர் எழுதும் மூலநிரல் அந்நிலையிலேயே இயங்கிவிடுவதில்லை. பல கோப்புகளாகக் கிடக்கும் அதனைக் கம்பைலருக்கு ஊட்டி, வேண்டிய நூலகங்களுடன் இணைத்து, சோதனைகளை நடத்தி, இயங்கத்தக்க ஒன்றாக ஆக்கும் வேலைத் தொடரை நிரலாளர் ‘பில்ட்’ என வழங்குவர். இக்கட்டுரையில் அது தொகுத்தாக்கம் எனப்படும்.

இவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைத்த கருவிகளுள் மிகச் செல்வாக்குப் பெற்றது, 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய ‘மேக்’ ஆகும். ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்ட ஒரு வழுவைச் சகபாடி ஒருவர் காலைப் பொழுது முழுவதும் தேடி அலைந்தமையே அதன் தோற்றத்துக்கு உடனடிக் காரணம். திருத்திய கோப்பு மீளக் கம்பைல் செய்யப்படாதிருந்தது. மேக் இன்றும் வழக்கில் உள்ளது. அதனிடம் அறிவித்தல் எனத் தனியாக எதுவும் இல்லை. தவறு நேர்ந்தால் ஏவியவரின் திரையிலேயே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஏவியவரும் கேட்பவரும் ஒருவரே ஆதலின் வேறு தூது வேண்டியதில்லை.

இவ்வொருமை குலைந்தபோதே அறிவித்தல் ஒரு தேவையாயிற்று. 2001இல் தோட்வேர்க்ஸ் நிறுவனத்தாரின் முயற்சியாக வெளிவந்த ‘குறூஸ்கொன்ட்ரோல்’ போன்ற கருவிகள், பலரும் தம் நிரலைச் சேர்க்கும் பொதுக் களஞ்சியத்தைத் தாமே கவனித்து, மாற்றம் கண்டதும் பொதுக் கணினி ஒன்றில் தொகுத்தாக்கத்தை நடத்தின. நிரலை எழுதியவர் வேறு பணிக்குச் சென்றிருப்பார், வீட்டுக்கும் சென்றிருப்பார். வினைக்கும் விளைவுக்கும் இடையில் காலமும் இடமும் வந்து புகுந்தன. எனவே அறிவித்தல் என்பது வேலைப்பிரிவினையின் விளைபொருள். பின்னர் வந்து ஒட்டிய அலங்காரமன்று.

தொழில்நுட்ப அளவில் இவ்வசதியைச் சேர்ப்பதற்கு முதலில் வேண்டப்படுவது நிகழ்ச்சிகளை இனங்காணல். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அன்ற்’ என்னும் கருவி இதனைத் தெளிவாகச் செய்தது. தொகுத்தாக்கம், அதன் இலக்குகள், இலக்கினுள் அடங்கும் பணிகள் ஆகிய ஒவ்வொன்றும் தொடங்கும்போதும் முடியும்போதும், ஒரு செய்தி பதிவாகும்போதும், அது ஒரு குறிப்பைக் கொடுக்கும். அக்குறிப்பைக் கேட்பதற்கெனத் தனியான ஒரு கேட்போன் அமைக்கப்படும். கேட்பவர் யார் என்பது கருவிக்குத் தெரியவேண்டியதில்லை. மின்னஞ்சல் அனுப்புவதாயினும் மணி ஒலிப்பதாயினும் அது கேட்போனின் பாடு.

ஆயின் அன்ற் நினைவற்றது. ஒவ்வோர் ஓட்டமும் அதற்கு முதலாவது ஓட்டமே. அதனுடன் வந்த மின்னஞ்சற் பகுதி, பயனர் வேறுவிதமாகப் பணித்தாலன்றி, வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரேபடியாக மடல் அனுப்பியது. நாளொன்றுக்கு இருபது முறை “வெற்றி” என்னும் மடலைப் பெறுபவர் இருபத்தோராவதைத் திறந்து பார்க்கமாட்டார். அந்த இருபத்தோராவது தோல்வியாக இருக்கலாம். நிலையன்றி நிலைமாற்றமே செய்தி என்பதை உணர்வதற்குக் கருவிக்கு முந்தைய நிலை நினைவில் இருத்தல் வேண்டும். குறூஸ்கொன்ட்ரோலில் இந்நினைவு வந்து சேர்ந்தது. தோல்வி நீடிக்கும்வரை மடல்கள் தொடரவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் தெரிவு ஒன்று அதில் இருந்தது. அத்தெரிவின் பெயரிலேயே குப்பை மடலைக் குறிக்கும் ‘ஸ்பாம்’ என்ற சொல் இடம்பெற்றது! தம் கருவி தொல்லையாகக்கூடும் என்பதை ஆக்கியோரே அறிந்திருந்தனர் போலும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய கொசுகே கவாகுச்சி தொடங்கிய ‘ஹட்சன்’, 2011இல் ‘ஜெங்கின்ஸ்’ எனப் பெயர் மாறியது. அதன் மடல் விதி மேலும் நுணுக்கமானது. தோல்வி ஒவ்வொன்றுக்கும் மடல் உண்டு. வெற்றிக்கோ, தோல்வியை அடுத்துவரும் முதல் வெற்றிக்கு மாத்திரமே உண்டு. இதுவரையில் குறைகாண இடமில்லை. அடுத்து எழுவது, யாருக்கு என்ற வினா.

இலக்கிய மாணவர்க்குச் சொல் ஒரு சான்று. ஜெங்கின்ஸின் மூலநிரலில், இறுதியாகத் தோல்வியுறாத தொகுத்தாக்கத்தின் பின்னர் மாற்றம் செய்த அனைவரின் பெயரையும் திரட்டும் பகுதிக்கு ‘கல்பிரிற்ஸ்’, அதாவது குற்றவாளிகள், எனப் பெயரிடப்பட்டுள்ளது. திங்களன்று ஒருவர் சேர்த்த நிரலால் தொகுத்தாக்கம் தோல்வியுறுகிறது எனக் கொள்வோம். அது திருத்தப்படுமுன் செவ்வாயன்று இன்னொருவர் தொடர்பற்ற ஒரு வரியை மாற்றுகிறார். அவரும் பட்டியலில் சேர்ந்துவிடுவார். காரணத்தைப் பொறியால் அறிய முடியாது. அண்மையில் மாற்றம் செய்தவர் யாவர் என்பதே அதற்குத் தெரியும். வலையமைப்புத் துண்டிப்போ, வட்டில் இடமின்மையோ, ஒருமுறை தேறி மறுமுறை தவறும் நிலையற்ற சோதனையோ காரணமாயின் பட்டியலில் உள்ள எவருமே பொறுப்பாளர் அல்லர். “அண்மையில் மாற்றியோர்” என்ற தகவலை “குற்றவாளிகள்” என்ற தீர்ப்பாக மாற்றியது அல்கோரிதம் அன்று, பெயரே. தொகுத்தாக்கத்தைக் கெடுத்த தனிநபர்களுக்குத் தனி மடல் அனுப்பும் தெரிவும் இதே நோக்கின் வெளிப்பாடாகும்.

இது இக்கருவியை ஆக்கியவரின் குணக்கேடு எனக் கொள்வது சிறுபிள்ளைத்தனம். உற்பத்தித் தவறைத் தனியாளின் நடத்தையாகக் காணும் பார்வை நூற்பாலைகளோடு பிறந்தது. ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் ஆலைகளை 1800இல் பொறுப்பேற்ற ரொபேட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமுள்ள சிறு மரத்துண்டொன்றைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்னும் நிறங்களுள் முன்னே திரும்பியிருக்கும் நிறம், அத்தொழிலாளியின் முன்னைய நாள் நடத்தை தீயதா, சுமாரானதா, நல்லதா, மிக நல்லதா என்பதைக் காட்டும். அவை பதிவேட்டிலும் ஏறும். ‘மௌனக் கண்காணிப்பான்’ எனப்பட்ட இதனை நிறுவியவர் அக்கால ஆலையதிபர்களுள் மனிதாபிமானி; மார்க்சினதும் ஏங்கல்சினதும் மதிப்பைப் பெற்றவர். ஹட்சனுக்கென எழுதப்பட்ட ஒரு ‘விளையாட்டு’ இணைப்பு, தொகுத்தாக்கத்தைக் கெடுத்தவருக்குப் பத்துப் புள்ளிகளைக் குறைத்து, தவறின்றி முடித்தவருக்கு ஒன்றைக் கூட்டிப் பெயர்ப்பட்டியல் வெளியிட்டது. ஓவனின் பதிவேட்டுக்கும் இதற்கும் இடையில் இரு நூற்றாண்டுத் தொழில்நுட்பம் உண்டு. கருத்துநிலையில் இடைவெளி சொற்பமே.

நிறங்கள் பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஓவனுக்குச் சுமாரைக் குறித்த நீலம், ஜெங்கின்ஸில் நீண்டகாலம் வெற்றியைக் குறித்தது. போக்குவரத்து விளக்கின் பச்சையையும் நீலத்தைக் குறிக்கும் ‘அஓ’ என்ற சொல்லாலேயே சுட்டும் யப்பானிய வழக்கே இதற்குக் காரணம். பச்சையை விரும்பியோர் நிறத்தை மாற்றுவதற்கெனவே ஒரு தனி இணைப்பை எழுதினர்.

யப்பானிலிருந்தே எதிர்த்திசையிலான ஒரு முன்மாதிரியும் கிடைக்கின்றது. சாகிச்சி தொயோதாவின் 1924ஆம் ஆண்டுத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். இக்கோட்பாட்டின் வழிவந்த ரொயோட்டா ஆலைகளில், குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்க, ‘அந்தொன்’ என்னும் விளக்குப் பலகை ஒளிரும். அங்கு பேசுபவர் தொழிலாளி. அறிவிக்கப்படுவது எந்த இடத்தில் உதவி வேண்டும் என்பது. ஆளின் பெயர் அப்பலகையில் இல்லை. எனினும் இதனை இலட்சியமாக்கிவிடலாகாது. 1972-73இல் அங்கு பருவகாலத் தொழிலாளியாக வேலை செய்த சதோஷி கமாத்தா 1973இல் வெளியிட்ட நூல், அதே ஆலையின் வேகத்தையும் களைப்பையும் பதிவு செய்கின்றது. கயிறு தொழிலாளியின் கையிலிருந்தது. பட்டறைத் தொடரின் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் அங்கே இருக்கவில்லை.

ஆகவே இவ்வசதியைச் சேர்க்க முனைவோர் மடல் செல்லும் வழியை அமைப்பதற்கு முன்னர், அதன் விதியை எழுதுவோர் யார் என்பதைத் தீர்மானித்தல் தகும். ஜெங்கின்ஸில் தொடக்கத்தில் அவ்விதிகள் நிருவாகத் திரையில் இருந்தன. அத்திரைக்கு அனுமதி பெற்றோரே அவற்றை மாற்றலாம். 2011இல் தொடங்கிய ‘ட்ராவிஸ்’ சேவை, விதிகளை மூலநிரலோடு ஒரே களஞ்சியத்திற் கிடக்கும் சிறு கோப்புக்குக் கொணர்ந்தது. வேறு கட்டளை இல்லையெனின் தோல்விக்கு எப்போதும், வெற்றிக்கு நிலை மாறும்போது மாத்திரம் மடல் செல்லும். 2016இல் வெளிவந்த ஜெங்கின்ஸின் இரண்டாம் பதிப்பும் விதிகளைக் கோப்பில் எழுதும் இவ்வழியை முதன்மைப்படுத்தியது. மடலைப் பெறுபவரே மடலின் விதியைப் படிக்கவும், மாற்றம் முன்மொழியவும், யார் எப்போது மாற்றினர் என அறியவும் இதனால் இயல்கின்றது. ஆயின் அக்கோப்பில் செய்யப்படும் மாற்றத்துக்கு மேலாளர் ஒருவரின் ஒப்புதல் கட்டாயம் என்று விதிப்பதும் இன்று ஒரு சொடுக்கில் நடந்துவிடக்கூடிய காரியமே.