ஹஜ்ஜுக்குப் போகும் பெட்டி



மட்டக்களப்பு வாவிக்கரையில், காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ, ஒரு வீட்டில் ஹஜ்ஜுக்கு ஆயத்தம் நடக்கிறதா என்பதை வாசலில் நின்றே அறிந்து கொள்ளலாம். விறாந்தையில் ஒரு பெரிய பெட்டி வாய் திறந்து கிடக்கும். ராத்தா ஒரு சாரி கொண்டு வந்து வைப்பா. மாமி ஒரு போத்தல் மாசிச் சம்பல் தருவா. "அங்க என்ன கிடைக்குமோ தெரியா" என்று அடுத்த வீட்டிலிருந்து அரிசிமா வரும். கடைசியில் பெட்டி மூடாது. வீட்டில் உள்ள பிள்ளைகளில் பாரமான ஒன்றை அதன்மேல் இருத்தித்தான் பூட்டுவார்கள்.

நானும் அப்படித்தான் புறப்பட்டேன். உம்மா, மனைவி, நான் ஆகிய மூவருக்கும் மூன்று பெரிய பெட்டிகள். உம்மாவின் பெட்டியில் மட்டும் பதினான்கு சாரிகள் இருந்தன. மக்காவில் எங்களுக்குக் கிடைத்த அறை நான்காம் மாடியில். அன்று மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூன்று பெட்டிகளையும் படியேற்றி முடித்தபோது என் முதுகு ஒரு வாரத்துக்கு நிமிரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது என் முதுகைப் பற்றியல்ல.

போய் நாலாம் நாள் அஸருக்கு ஹரத்தில் மனைவியைக் காணவில்லை. அறைக்குத் திரும்பிக் கேட்டேன். "உங்கட சாரம் வாளியில ஊறிக் கிடக்கு. கழுவிக் காயப்போட்டுட்டு மஃரிபுக்கு வாறன்" என்றா. அவ்வளவு உடுப்புக் கொண்டு போயும் ஒவ்வொரு நாளும் மூன்று பேருடைய உடுப்பையும் அவதான் கழுவிக் கொண்டிருந்திருக்கிறா. வாழ்க்கையில் ஒருமுறை வாய்க்கும் பயணத்தில், அந்தப் பள்ளியின் ஒரு வக்து என் சாரத்துக்காகப் போனது. வருடக்கணக்காகக் கிதாபு ஓதி, பிள்ளைகளுக்கும் ஓதிக் கொடுக்கிறவன் நான். கிதாபின் முதல் பாடமே சுத்தம். அந்தப் பாடத்தைக் குளியலறை வரை கொண்டு போகவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

சகோதரிகளே, நம் பெட்டிகள் பாரமாவதற்குப் பெரிய காரணம் ஒரு பயம். "உடுப்பு அழுக்கானால் தொழுகை கூடாதே, மாற்ற வேண்டுமே" என்ற பயம். அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. வியர்வை நஜீஸ் அல்ல. மக்காத் தெருவின் தூசி நஜீஸ் அல்ல. பேருந்தில் பக்கத்தில் இருந்தவரின் கோப்பையிலிருந்து சிந்திய தேநீரும் நஜீஸ் அல்ல. இவை பட்ட உடுப்போடு தொழலாம். நாற்றமடிக்கிறது, பார்க்க அழகில்லை என்று கழுவுவது நல்லதுதான், அது விருப்பமும்கூட. ஆனால் அது கடமையான கழுவல் அல்ல. ஒருநாள் பிந்தினால் பாவமில்லை.

நஜீஸ் பட்டாலும் முழு உடுப்பையும் கழுவ வேண்டியதில்லை, பட்ட இடத்தைக் கழுவினால் போதும். மாதவிடாய் இரத்தம் உடுப்பில் பட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே உடுப்போடு தொழச் சொன்னார்கள். அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அறிவித்த இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. தங்களில் ஒருவருக்கு ஓர் உடுப்புக்கு மேல் இருந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. மூமின்களின் தாய்மாருக்கு ஓர் உடுப்பு. நமக்குப் பதினான்கு சாரி! கழுவிய பிறகு கறையின் நிறம் எவ்வளவு தேய்த்தும் போகாவிட்டால் அது மன்னிக்கப்பட்டது. அந்தக் கறைக்காக ஒரு சாரியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டிய தேவை இல்லை.

கழுவும் முறையில் நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நுட்பம் உண்டு. ஊரில் குழாயடியில் பெரிதாகத் தெரியாது, விடுதியின் சின்ன வாளியில்தான் தெரியும். இரண்டு குல்லத் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 200 லீற்றருக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் பட்ட உடுப்பைப் போட்டால் அந்தத் தண்ணீரே நஜீஸாகிவிடும். கூடக் கிடக்கும் மற்ற உடுப்புகளும் அப்படியே. ஆகவே அந்த உடுப்பை வாளிக்குள் அமிழ்த்தக் கூடாது. குழாயின் கீழே பிடித்து, பட்ட இடத்தின்மேல் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். நஜீஸ் போன பின் அதை மற்ற உடுப்போடு சவர்க்காரத்தில் ஊறப்போடலாம். கழுவும் இயந்திரத்தில் போடுவதானாலும் முதலில் இதைச் செய்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

கப்பலில் போன ஹாஜிமாருக்கு இந்த ஓடும் தண்ணீர்கூடப் பெரிய காரியம். மும்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஏறத்தாழ 2,300 கடல் மைல். பழைய கப்பல்கள் ஒரு வழிக்கு 12 முதல் 15 நாட்கள் எடுத்தன. அந்தக் கப்பல் சேவை 1995-இல் நிறுத்தப்பட்டது. சுற்றிலும் கடல், குடிக்கத்தான் நல்ல தண்ணீர் என்ற நிலை கடலில் போகிறவர்களுக்கு எக்காலத்திலும் இருந்தது. "கடலில் போகிறோம், கொஞ்சம் தண்ணீர்தான் கொண்டு போகிறோம், அதில் வுழூச் செய்தால் தாகத்தில் கிடப்போம்" என்ற கருத்தில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். கடலின் தண்ணீர் சுத்தப்படுத்தக் கூடியது என்று பதில் கிடைத்தது. வுழூவுக்கு மட்டுமல்ல, உடுப்புக் கழுவவும் அது ஆகும்.

ஆனால் கடல்நீரில் சவர்க்காரம் நுரைக்காது. அந்த நீரிலுள்ள உப்புகள் சவர்க்காரத்தைப் பிடித்துத் திரியவைத்துவிடும். வாவிக்கரையில் கோடை காலத்தில் உவர்க் கிணற்றில் கழுவிய சகோதரிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. காய்ந்த பிறகும் உடுப்பு மொரமொரவென்று இருந்து, காற்றில் ஈரம் ஏறினால் திரும்பவும் பிசுபிசுக்கும். கடல்நீரில் கழுவினால் கடைசியாக ஒரு சிரட்டை நல்ல தண்ணீரிலாவது அலசினால்தான் தோலில் அரிக்காது.

கப்பல் கதை வந்ததால் இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183-இல் ஐதாப் துறைமுகத்திலிருந்து செங்கடலைக் கடந்து ஜித்தா சேர்ந்தார். கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் படகுக்காரர் ஹாஜிமாரை ஒருவர்மேல் ஒருவராக அடைத்ததை மனம் நொந்து எழுதியிருக்கிறார். மனிதருக்கே இடமில்லாத படகில் பெட்டிக்கு ஏது இடம்? இப்னு பதூதா 1344-இல் நம் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர். இங்கிருந்து போன பிறகு மலபார்க் கரையை அண்டிய கடலில் கொள்ளையர் அவரைப் பிடித்தனர். இலங்கையில் அரசர் கொடுத்த மாணிக்கக் கற்கள், உடுப்பு, வழிச்செலவு எல்லாம் போய், காற்சட்டையோடு மட்டும் கரையில் விடப்பட்டார். கள்ளிக்கோட்டைக்கு வந்து ஒரு பள்ளிவாசலில் நுழைந்தார். ஆலிம் ஒருவர் ஓர் உடுப்பு அனுப்பினார், காழி ஒரு தலைப்பாகை அனுப்பினார், வியாபாரி ஒருவர் இன்னோர் உடுப்பு. உலகம் சுற்றியவருக்கு அன்று அவ்வளவுதான் பெட்டி.

இதைக் கேட்டு வெறுங்கையோடு போகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். யமன் நாட்டார் சிலர் வழிச்செலவு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, "நாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள்" என்று சொல்லிக்கொண்டு மக்களிடம் கையேந்தினார்கள். அதற்காகத்தான் சூரத்துல் பகராவின் 197-ஆவது வசனம் வழிச்செலவை எடுத்துச் செல்லும்படி கட்டளையிட்டது. அடுத்தவருக்குப் பாரமாகாத அளவுக்கு எடுப்பது கடமை. அதற்கு மேல் எடுப்பதும் அடுத்தவருக்குப் பாரம்தான். அதை யாராவது தூக்க வேண்டுமல்லவா?

எவ்வளவு போதும்? ஒரு மாதப் பயணத்துக்கு நாலு மாற்றுடுப்புப் போதும், அன்றன்று கழுவினால். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், இரண்டு பெட்டியில். பெண்களுக்கு இஹ்ராமுக்கென்று தனி உடுப்பு இல்லை. வெள்ளைதான் வேண்டும் என்பதும் சட்டமில்லை. வெள்ளை உடுத்தால் கழுவல் இரட்டிப்பாகும். அழுக்குத் தெரியாத இளநிறத்தில், மெல்லிய, தளர்ந்த பருத்தி உடுப்பே அந்த வெயிலுக்கு நல்லது. இஹ்ராமில் இருக்கும்போது உடுப்பு மாற்றக் கூடாது, கழுவக் கூடாது என்று சிலர் நாட்கணக்காகக் கிடந்து அவதிப்படுவதை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு தடை இல்லை. ஆண்களும் இஹ்ராம் துண்டுகளைக் கழட்டிக் கழுவலாம், வேறு துண்டு மாற்றலாம். தடை வாசனைக்குத்தான். ஆகவே இஹ்ராமில் இருக்கும்போது குளிக்கவும் கழுவவும் வாசனையில்லாத சவர்க்காரம் வேண்டும். அதை ஊரிலேயே தேடி வாங்கி வையுங்கள்.

உடுப்பைச் சீக்கிரம் காயவைக்க ஒரு வழி உண்டு. அலசிப் பிழிந்ததை ஒரு காய்ந்த துவாயின்மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். பாதி ஈரத்தைத் துவாய் குடித்துவிடும். கொடிக்கு இரண்டு மெல்லிய கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டினால், முறுக்கின் நடுவே உடுப்பின் ஓரத்தைச் செருகிவிடலாம். கிளிப் தேவைப்படாது. ஸம்ஸத்தில் நனைத்த கபன் துணியை ஈரத்தோடு பெட்டியில் மடித்து வைக்கிற சகோதரிகளும் உண்டு. பாரமும் கூடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவையும் சில உண்டு. ஆண்களின் இஹ்ராம் துண்டு, மருந்து, ஒரு மாற்றுடுப்பு ஆகியவை கையில் கொண்டு போகும் பையில் இருக்க வேண்டும். பெட்டி விமானத்தின் அடியில் போய்விடும், மீக்காத்து எல்லை வரும்போது அதைத் திறக்க முடியாது. துல்ஹஜ் 8-இல் மினாவுக்குப் போகும்போது பெரிய பெட்டியை அறையில் விட்டுவிட்டு, தோளில் மாட்டும் சின்னப் பையோடு போங்கள். அரபாவில் ஒரு பகல், முஸ்தலிபாவில் வெட்டவெளியில் ஓர் இரவு, பிறகு மினாவின் கூடாரம். ஒரு மாற்றுடுப்பு, மெல்லிய விரிப்பு, சின்னத் துவாய், குடை, தண்ணீர்ப் போத்தல். இதற்கு மேல் எதைத் தூக்கினாலும் நடக்கும்போது அது உங்கள் எதிரி. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகை வரை ஏறியது. 1,301 பேர் மரணித்ததாக சஊதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலானோர் அனுமதிப் பத்திரமின்றி வந்து, நிழலின்றி வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள். அந்த வெயிலில் வயது போன உம்மாமார் தோளில் ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் அது சின்ன விஷயமல்ல.

இனி ஆண்களுக்கு ஒரு சொல். இந்தப் பக்கத்தை அவர்களும் ஒளிந்து வாசிப்பது எனக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்றார்கள். தம் உடுப்பைத் தாமே தைத்ததும் செருப்பைத் தாமே செப்பனிட்டதும் ஹதீஸ்களில் உண்டு. ஒரு சாரத்தையும் ஒரு பெனியனையும் கழுவ ஐந்து நிமிடம் போதும். குளிக்கப் போகும்போதே கழுவிவிட்டு வந்தால் வாளியில் எதுவும் ஊறாது.

சில வருடங்கள் கழித்து நானும் மனைவியும் உம்ராவுக்குப் போனோம். கட்டுநாயக்கவில் பெட்டியை நிறுத்தபோது ஒன்பது கிலோ. தராசு பழுதோ என்று நினைத்தேன். மக்காவில் ஒருநாள் அஸர் தொழுது வந்து, குளித்தபின் என் மருதமுனைச் சாரத்தைக் கழுவிக் கொடியில் போட்டுக் கொண்டிருந்தேன். பக்கத்து அறை ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகக் கேட்டார்: "என்ன மௌலவி, வீட்டுக்காரிக்குச் சுகமில்லையா?"

"சுகமாத்தான் இருக்கா ஹாஜியார். அவ இன்னும் ஹரத்திலதான் இருக்கா" என்றேன்.